போன் மரம்

அத்தியாயம் ஏழு

நோட்டன் பிரிட்ஜைத் தாண்டி இரண்டாவது வளைவில், றிப்காவின் போனில் இருந்த வழிகாட்டும் பெண் குரல் இடது பக்கம் திரும்பச் சொன்னது. இடது பக்கத்தில் முந்நூறு அடிப் பள்ளமும், அதன் அடியில் நீர்த்தேக்கமும் இருந்தன.

"இவ என்னயக் கொல்லப் பாக்குறா சேர்," என்றாள் றிப்கா, த்ரீவீலை நேராகவே விட்டபடி. "போன வாரம் நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்டா. நான் ஒண்ணுதான் போட்டேன். அந்தக் கோவம்."

"அத நிறுத்து. இந்தப் பாதையில இருபத்திரெண்டு வருசம் தபால் பை சொமந்தவன் ஒனக்கு முன்னாடி ஒக்காந்திருக்கேன்."

"நீங்க பின்னாடிதான் சேர் ஒக்காந்திருக்கீங்க. முன்னாடி இருக்கிறது நான்."

யோகேஸ்வரன் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற தபால்காரர்களுக்கு இரண்டு வகையான முடிவுகள் உண்டு. ஒன்று, வீட்டில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைத் திட்டுவது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஹட்டன் கடைவீதியில், ஒரு பேக்கரிக்கு மேலே, 'தனிப்பட்ட விசாரணைகள்' என்று பலகை மாட்டிக்கொண்டார். அண்ணன் இக்ராமின் போன் கடையில் திருத்த வேலை பார்த்துவிட்டு, சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த றிப்கா, யோகேஸ்வரனுக்குச் சாரதியாகவும் உதவியாளராகவும் அமைந்தாள். வாய் மட்டும் அவள் சொந்தமாகக் கொண்டு வந்தது.

யோகேஸ்வரனுக்குப் பக்கத்தில், சால்வையால் முகத்தைப் பாதி மூடியபடி இருந்தவள் சுலக்ஷனா. வயது இருபத்துநான்கு. ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையில் முதல் பஸ்ஸில் வந்து பேக்கரிப் படிக்கட்டில் காத்திருந்தவள்.

"இன்னொரு தடவ மொதல்ல இருந்து சொல்லும்மா," என்றார் யோகேஸ்வரன்.

சொன்னாள். நேற்று அவளுக்கு லீவு நாள். காலை பத்து மணிவாக்கில் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பீலியில், மலைத்தண்ணீர் குழாய் வழியாக விழும் அந்த இடத்தில், மார்பில் ஏற்றிக் கட்டிய குறுக்குக்கட்டோடு குளித்துக்கொண்டிருந்தாள். பத்து நாற்பத்தொன்றுக்குத் தோட்டத்துக் குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. அவள்தான். முகம் தெளிவாகத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் அது ஹட்டனுக்குப் போய்விட்டது. சாயந்தரம், டுபாயில் இருக்கும் சித்தி அழுதுகொண்டு கூப்பிட்டாள்.

படம் வந்தது கிஷாந்தின் போனிலிருந்து. கொழுந்து லொறி ஓட்டுகிறவன். தை மாதம் அவள் கழுத்தில் தாலி கட்ட வேண்டியவன்.

"ஒங்க அப்பா என்ன சொல்றாரு?"

"அப்பாதான் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரு. என்னயக் கட்டிக்கப்போறவர அவரோட காம்பரா அறைக்குள்ளயே வச்சிப் பூட்டிட்டாரு. நாலு மணிக்குப் பொலிஸ் ஜீப் வரும். கொண்டு போயிட்டா அவ்வளவுதான் சேர். பொம்பளப் படம் புடிச்சவன்னு பேராகிரும். திரும்பி வந்தாலும் லயத்துல விட மாட்டாங்க."

"நீ மட்டும் ஏன் அவன நம்புற?"

"அவரு பொய் சொன்னாக் காது செவந்துரும். நேத்து ஜன்னல் வழியாப் பாத்தேன். செவக்கல."

"நீதிமன்றத்துல எடுபடாது," என்றாள் றிப்கா. "ஆனா எனக்குப் போதும்."

"குளிக்கும்போது பக்கத்துல யாரும் வந்தாங்களா?"

"யாரும் வரல சேர்." சால்வையை இன்னும் இழுத்து மூடினாள். "அந்தப் படத்தப் போட்டிருந்த ஒரு பக்கத்த நான் கம்பெனிக்கு ரிப்போர்ட் பண்ணேன். மூணு நிமிசத்துல பதில் வந்துச்சு. பரிசீலிச்சாங்களாம். விதிமீறல் ஒண்ணும் இல்லியாம்."

"ஊரே பாத்த படத்த, பாக்க வேண்டியவங்க மட்டும் பாக்கல்ல," என்றாள் றிப்கா. இந்த முறை அவள் குரலில் வேடிக்கை இல்லை. பின்கண்ணாடியில் அந்தப் பெண்ணின் கண்கள் தெரிந்தன. போனை அணைத்தால் படம் அணையாது, வேலைக்குப் போனால் கடை முழுக்கப் பார்க்கும், வீட்டில் இருந்தால் வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பார்க்கும். ஒளிந்துகொள்ள ஒரு மூலை கூட மிச்சம் வைக்காத பொறியாக இருந்தது அது.

ஊசிமலை மேல்பிரிவுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. லயத்துக்கு மேலே, மேட்டின் உச்சியில் ஒற்றை வாகை மரம் நின்றது. அதன் கிளைகளில் நாற்பது ஐம்பது சிலிசிலிப் பொலித்தீன் பைகள் தொங்கின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போன்.

"யா அல்லா," என்றாள் றிப்கா. "இக்ராம் நானா கடையில கூட இவ்வளவு ஸ்டொக் இல்ல."

சுலக்ஷனா விளக்கினாள். லயத்தில் சிக்னல் கிடையாது. இந்த மேட்டில் மட்டும்தான் வரும். அதனால் வேலைக்குப் போகும்போது அவரவர் போனை மரத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள். வந்த செய்தி போன செய்தியெல்லாம் மரத்திலேயே நடக்கும். போன் மரம் என்றே அதற்குப் பெயர். இன்றுவரை ஒரு போன் கூடக் களவு போனதில்லை.

றிப்கா நான்கைந்து பைகளை வெளியிலிருந்தே தடவிப் பார்த்தாள். எல்லாம் ஒரே கறுப்புப் போன்.

"போன வருசம் தோட்டத்து ஆபிஸுல எல்லாரும் போன் வாங்கணும்னு சொன்னாங்க. ஹட்டன் ரவுணுல கடைக்காரரு ஒரே மொடலுதான் வச்சிருந்தாரு," என்றாள் சுலக்ஷனா.

"பையும் அவர் கடைப் பைதான் போல. எல்லாம் பச்ச. எப்பிடி அடையாளம் கண்டுபுடிக்கிறீங்க?"

"கெளதான் அடையாளம். அவருது இந்தக் கெள."

"அப்ப யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்," என்றாள் றிப்கா.

"எடுக்கலாம்," என்றார் யோகேஸ்வரன். "தொறக்கணுமே."

கிஷாந்தின் காம்பரா லயத்தின் கடைசியில் இருந்தது. கதவில் புதுப் பூட்டு. அதன் முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் நாற்காலி போட்டு சுலக்ஷனாவின் அப்பா ஆண்டியப்பன் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். சட்டைப் பையில், மரத்திலிருந்து எடுத்து வந்த கிஷாந்தின் கறுப்புப் போன். மகளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபத்தில் அல்ல என்று றிப்காவுக்குப் பார்த்த உடனே புரிந்தது. அந்த மனிதரால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தபால் ஐயாவா? ஒங்களுக்கு இங்க என்ன வேல?"

"ரெண்டு வார்த்த அவன்கிட்டப் பேசணும் தலைவரே. பூட்டத் தொறக்க வேணாம். ஜன்னல் போதும்."

ஆண்டியப்பன் தடுக்கவில்லை. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் கிஷாந்த் வந்து நின்றான். ஒரு நாளில் பத்து வயது கூடியவன் போலிருந்தான்.

"நேத்துப் பத்து மணிக்கு எங்க இருந்த?"

"லொறிக்கு அடியில சேர். சைலன்சர் கழண்டிருச்சி. தனியாத்தான் படுத்திருந்தேன்."

"லொறியக் கூப்பிட்டுச் சாட்சி கேக்கலாம்," என்று முணுமுணுத்தாள் றிப்கா. "போன் பூட்டு விரலா, நம்பரா?"

"நம்பர்தான். ஒயில் கையி, விரல ஏத்துக்காது."

"யாருக்குத் தெரியும் அந்த நம்பர்?"

"யாருக்கும் தெரியாது. சத்தியமா யாருக்குமே சொன்னதில்ல." அவன் நிறுத்தினான். தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போடுகிறோம் என்பது அவனுக்கும் தெரிந்தே இருந்தது. "சைபர் நாலு ஒண்ணு ஏழு. செத்துப்போன எங்கப்பா சின்னத்தம்பியோட செக்ரோல் நம்பர், தோட்டத்துப் பதிவு நம்பர். நானூத்திப் பதினேழு."

"எனக்குக் கூடச் சொல்லலியே," என்றாள் சுலக்ஷனா மெல்ல.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

இஸ்தோப்பிலிருந்து ஆண்டியப்பனின் குரல் வந்தது. "கேட்டுக்கிட்டீங்களா? அவனத் தவிர யாராலயும் தொறக்க ஏலாது. அவன் வாயாலயே சொல்லிட்டான். இன்னும் என்ன விசாரணை?"

யோகேஸ்வரன் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு கேட்டார். "அப்பா செத்து எத்தன வருசம்?"

"ஆறு."

"நல்லது," என்றார். செத்துப்போன மனிதரைப் பற்றிச் சொல்லக்கூடிய வார்த்தை அது இல்லைதான். ஆனால் அவர் முகத்தில், விலாசம் புரியாத கடிதத்துக்கு ஆளைக் கண்டுபிடித்துவிட்ட ஒரு களை வந்திருந்தது. என்ன விஷயம் என்று றிப்கா கேட்டாள். அவர் சொல்லவில்லை. இந்தப் பழக்கத்துக்காகவே அவரை ஒரு நாள் பள்ளத்தில் தள்ள வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"தலைவரே, அந்தப் படத்த நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார் யோகேஸ்வரன்.

ஆண்டியப்பன் எழுந்துவிட்டார். "பெத்தவன் பாப்பானாய்யா? குரூப்பத் தொறந்தேன், கண்ணுல பட்டுச்சி, மூடிட்டேன். ஒங்களுக்கு மக இருந்தா இப்பிடிக் கேப்பீங்களா?"

"நான் பாக்கலாமா?" என்றாள் றிப்கா. "நானும் பொம்பளதான். ஒங்க மக முன்னுக்கே பாக்கிறேன்."

அவர் தன்னுடைய போனை நீட்டிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். றிப்கா சுலக்ஷனாவைப் பார்த்தாள். அவள் தலையசைத்தாள்.

குரூப்பில் படம் சதுரமாகத் தெரிந்தது. நடுவில் சுலக்ஷனா. றிப்கா ஐந்து வருடம் போன் திருத்தியவள். நீளமான படத்தைக் குரூப் மேலும் கீழும் வெட்டி நடுவை மட்டும் காட்டும் என்பது அவளுக்குத் தெரியும். மானமுள்ளவர்கள் அதோடு மூடிவிட்டார்கள். மானங்கெட்டவர்கள் நடுவைத்தான் பெரிதாக்கினார்கள். படத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று ஊரில் ஒருவர் கூடப் பார்க்கவில்லை.

அவள் தட்டினாள். படம் முழுதாக விரிந்தது.

"சேர்."

கீழ்ப்பாதி முழுக்க உடைந்த குழாய். பிளந்த வாயிலிருந்து தண்ணீர் கண்டபடி பீறிட்டுக்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து ஒரு விரல் நீண்டு, அந்த உடைப்பைச் சரியாகச் சுட்டிக்காட்டியது. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த ஆள்காட்டி விரல். நகக்கண்ணில் வெடிப்பு.

"ஒயில் கறையா?" என்றார் யோகேஸ்வரன் தாழ்ந்த குரலில்.

"ஒயில்னா உள்ளங்கையெல்லாம் இருக்கும். இது நுனியில மட்டும். கொழுந்து கிள்ளுற விரல்." அவளும் குரலைத் தாழ்த்தினாள். "சேர், இத எடுத்த ஆளு சுலக்ஷனாவப் பாக்கவே இல்ல. கொழாயத்தான் பாத்திருக்கு."

"எந்தக் குரூப்புல வந்திருக்குன்னு பாரு."

அப்போதுதான் அவள் குரூப்பின் பெயரை வாசித்தாள். பச்சைக் கொழுந்துப் படம் போட்டு, 'ஊசிமலை முறைப்பாடுகள்' என்றிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரையும் அதில் ஓர் ஆள்.

"கெட்ட எண்ணத்துல படம் புடிக்கிறவன் எவனாவது அதத் தொரைக்கு அனுப்புவானா?" என்றார் யோகேஸ்வரன். "வா. பகல் நிறுவைக்கு மணியாச்சி. தலைவரே, நீங்களும் வாங்க. கிஷாந்தோட போன் ஒங்க பையிலயே இருக்கட்டும்."

"ஜீப் வந்துரும்."

"வரட்டும். நாலு மணிக்கு இன்னும் நேரமிருக்கு."

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்கும் படிகளில் அவர் கடைசியில் வாயைத் திறந்தார்.

"தோட்டத்துல பேருக்குப் பஞ்சம் றிப்கா. இந்தப் பிரிவுல மட்டும் அப்ப மூணு நாகலெட்சுமி. கடுதாசியில செக்ரோல் நம்பர் இல்லாட்டி நான் தொலைஞ்சேன். காலையில பெரட்டுல ஆளுங்கள நிறுத்திக் கூப்பிடுறதும் அந்த நம்பர்தான், கொழுந்து நிறுக்கிறதும் அந்த நம்பர்தான். ஒரு ஆளு செத்தா நம்பர் என்னாகும்?"

"கூடவே பொதைப்பாங்களா?"

"கொஞ்ச நாள் சும்மா கெடக்கும். பொறகு இன்னொரு ஆளுக்குக் குடுத்துருவாங்க."

றிப்கா படியில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆண்டியப்பன் அவள் மேல் முட்டிக்கொண்டார்.

மடுவத்தில் பெண்கள் கொழுந்துப் பைகளோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் நின்று நம்பர்களைக் கூவினார். சுலக்ஷனாவைக் கண்டதும் வரிசை மௌனமானது. அந்த மௌனத்தில் ஒரு குரல் மட்டும் அடங்கவில்லை. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். தலையில் போர்த்திய கொங்காணிச் சாக்கு, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி.

"எம் புள்ள எப்பிடி வாடிப்போச்சு பாருங்கடி! அந்த நாசமாப் போனவன் கை வெளங்குமா? புழுத்து விழும். நான் சொல்றேன், அந்தக் கை புழுத்து விழும்!"

"இவங்க யாரு?" என்று றிப்கா கேட்டாள்.

"காளியாயி பெரியம்மா. எங்க பக்கத்துக் காம்பரா," என்றாள் சுலக்ஷனா. "அம்மா செத்த பொறகு என்னையும் பாத்தாங்க, அவரையும் பாத்தாங்க. சாபம் விட்டு விட்டு நேத்துலருந்து தொண்டையே கட்டிருச்சி."

கணக்கப்பிள்ளை கூவினார். "நானூத்திப் பதினேழு!"

"இந்தா வந்துட்டேன்," என்று காளியாயி பையைத் தூக்கிக்கொண்டு முன்னே போனாள்.

கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவேண்டிய இடத்தில், ஐயோ இவளா என்ற பயம்தான் வந்தது. யோகேஸ்வரனும் சிரிக்கவில்லை. நிறுவை முடியும்வரை பொறுத்திருந்து, காளியாயியை மடுவத்தின் ஓரத்துக்கு அழைத்தார். ஆண்டியப்பனும் சுலக்ஷனாவும் கூட வந்தார்கள்.

"அக்கா, ஒங்க போனத் தொறக்க என்ன நம்பர் போடுவீங்க?"

"அதென்ன கேள்வி தபால் ஐயா? பெரட்டுல கூப்பிடுற நம்பர்தான். விரல வச்சா அந்த எழவு என்னைய ஒரு ஆளாவே மதிக்கிறதில்ல. முப்பது வருசமாக் கொழுந்து கிள்ளி ரேகையெல்லாம் தேஞ்சிபோச்சி."

"நேத்துத் தேத்தண்ணி நேரத்துல எங்க போனீங்க?"

"பீலிக்கு." குரல் உடைந்தது. "அதத்தான் நெனச்சி நெனச்சி அழுவுறேன். புள்ள கண்ணுல சவுக்காரத்தோட குளிச்சிக்கிட்டு இருந்திச்சி. இன்னுங் கொஞ்ச நேரம் அங்கயே நின்னிருந்தேன்னா, ஒளிஞ்சிருந்த நாயி கைய ஒடிச்சிருப்பேன். நான் வந்த பொறகுதானே எடுத்திருக்கான்."

"பீலிக்கு எதுக்குப் போனீங்க?"

"கொழாயப் படம் புடிக்க. மூணு மாசமா ஒடஞ்சி கெடக்கு. ஆபிஸுக்கு நடையா நடந்தேன். ஜன்னலச் சாத்திட்டாங்க. இனி வாயாலச் சொன்னா எடுக்க மாட்டாங்களாம், குரூப்புல படம் போடணுமாம். சரின்னு அவசரத்துல கைக்கு எட்டுன பையில இருந்து போன எடுத்துக்கிட்டுப் போயி புடிச்சேன். எனக்கு எழுத வராதே, அதனால பேசியும் போட்டேன். எடுத்த எடத்துலயே திரும்ப மரத்துல மாட்டிட்டேன். சாயந்தரம் என் கெளயில எடுத்துப் பாத்தா, அந்த நாயி போட்டதுதான் இருக்கு, நான் போட்டது இல்ல. படத்த அது தின்னுருச்சி."

"போன எடுத்தப்ப உள்ளுக்கு வேற மாதிரி இருக்கலியா?" என்றாள் றிப்கா.

"அது எப்பதான் ஒரே மாதிரி இருந்திச்சி? அப்டேட்டு அப்டேட்டுன்னு நாளைக்கு ஒரு மொகம் காட்டுது. நான் கொழுந்துப் படத்தத் தேடி அமுக்குவேன், அவ்வளவுதான்."

ஆண்டியப்பனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. காளியாயி மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் புரியவில்லை.

றிப்காதான் படத்தின் கீழ்ப்பாதியை மட்டும் பெரிதாக்கி, ஆண்டியப்பனின் போன் திரையைக் காளியாயி முன்னால் பிடித்தாள்.

காளியாயி குழாயைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கறுத்த நுனி, நகக்கண்ணில் வெடிப்பு. ஒரு நாள் முழுக்கத் தொண்டை கட்டச் சாபமிட்ட கை அது.

"நானா?" என்றாள். மடுவத்துச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். "எம் புள்ளய நானா அம்மணமாக்கினேன்?"

சுலக்ஷனா அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "யாரும் வந்தாங்களான்னு கேட்டப்ப யாரும் வரலன்னு சொன்னேன் பெரியம்மா. நீங்க வந்தது தெரியும். ஆனா நீங்க எனக்கு யாரோ இல்லியே."

ஆண்டியப்பன் பின்வாங்கினார். "இல்ல. அக்கா அவன மடியில போட்டு வளத்தவங்க. அவனக் காப்பாத்த எதையும் சொல்லுவாங்க. விரலு இந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் கறுப்புத்தான். ஊரு நம்பாது. மகளக் கட்டிக்குடுக்கத் தலைவன் ஒரு கத கட்டிட்டான்னு என் மூஞ்சியிலயே துப்புவாங்க."

அதுவும் உண்மைதான். அவமானத்துக்கு ஒரு ஆண்பிள்ளை முகம் கிடைத்துவிட்டது. அதை விட்டுவிட்டு உடைந்த குழாயை நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? றிப்கா கையை நீட்டினாள்.

"பையில இருக்கிற போன ஒருக்காத் தாங்க. நேத்து மரத்துல இருந்து எடுக்கும்போதே செத்திருந்திச்சா?"

"பெட்டரி எறங்கிப் போயிதான் கெடந்திச்சி."

அவள் த்ரீவீலிலிருந்து பவர் பேங்கைக் கொண்டு வந்து சொருகினாள். ஐந்து நிமிடம் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு கம்பெனியின் பெயர் மின்னியது, ஒரு பாட்டுப் பாடியது, புதிய வசதிகளை அறிந்துகொள்ள விருப்பமா என்று கேட்டது.

"இப்ப வேணாம், இப்ப வேணாம், எப்பவுமே வேணாம்," என்று தள்ளிக்கொண்டே போனாள் றிப்கா. சைபர், நாலு, ஒன்று, ஏழு. திறந்தது. குரூப்புக்குப் போனாள். படம் இருந்தது. படத்துக்குக் கீழே, வேறு எந்தப் போனிலும் இல்லாத ஒன்று இருந்தது. நாற்பது நொடிக் குரல் பதிவு. அதன் ஓரத்தில் சின்னஞ்சிறு கடிகாரம்.

"அனுப்பக் காத்திருக்கு சேர். படம் போச்சு. குரல் போறதுக்குள்ள பெட்டரி செத்துப்போச்சு."

அழுத்தினாள். தண்ணீர் பீறிடும் சத்தத்துக்கு நடுவே காளியாயியின் குரல் கேட்டது. ஆண்டியப்பன் முழுவதும் கேட்டார். கேட்டு முடிந்ததும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நாம கேட்டாப் பத்தாது," என்றார் யோகேஸ்வரன். "படம் போன எடத்துக்கெல்லாம் இதுவும் போகணும். மேட்டுக்கு வாங்க."

நான்கு பேரும் ஏறினார்கள். ஐந்தாவதாகக் காளியாயி, சுலக்ஷனாவின் தோளைப் பிடித்தபடி. கீழே பாதையில் ஜீப் ஒன்று முக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. போன் மரத்தடியில் றிப்கா கையைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது. கடிகாரம் மறைந்து ஒரு டிக் விழுந்தது.

மரம் முழுக்க ஒலித்தது. பச்சைப் பைகள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன. நிறுவை முடிந்து மேட்டுக்கு வந்திருந்த பெண்கள் தங்கள் கிளைகளைத் தேடி ஓடினார்கள். ஒரு போனில் தொடங்கி, இன்னொன்றில் பாதியில் கேட்டு, பத்துப் பன்னிரண்டு கைகளிலிருந்து ஒரே குரல் முன்னும் பின்னுமாக எழுந்தது.

"ஐயா, நான் மேல்பிரிவு நானூத்திப் பதினேழு காளியாயி பேசுறேன். இதுதான் ஒடஞ்ச பீலி. விரல வச்சிக் காட்டியிருக்கேன் பாருங்க. பொம்பளப் புள்ளைங்க தண்ணி எட்டாம வெளியில நின்னு குளிக்குதுங்க. மறைப்புத் தகரமும் விழுந்துருச்சி. சீக்கிரம் கட்டிக் குடுங்க சாமி."

ஆண்டியப்பன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். ஒரு வார்த்தை பேசாமல் லயத்தை நோக்கி இறங்கினார். ஜீப்பிலிருந்து இறங்கிய பொலிஸ் சார்ஜனிடம், தப்பு நடந்துவிட்டது என்று சிங்களத்தில் சொல்லிக் கை கூப்பினார். "வெரதீமக் மாத்தயா, மகே வெரதீமக்." என் தவறு என்றுதான் சொன்னார். பிறகு கதவைத் திறந்தார். கிஷாந்த் வாசற்படியில் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். வெளியே கால் வைக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேலே றிப்கா படத்தைக் குரூப்பிலிருந்து எல்லோருக்கும் சேர்த்து அழித்தாள். ஹட்டனில் அது அழியவில்லை. டுபாயில் அழியவில்லை. எங்கெல்லாம் அழியவில்லை என்பதை யாராலும் சொல்ல முடியாது. அதைச் சுலக்ஷனாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தடுமாறினாள்.

"தெரியும் அக்கா," என்றாள் சுலக்ஷனா. "போனக் குடுங்க."

சால்வையைத் தலையிலிருந்து இறக்கினாள். குரல் பதிவை அழுத்திப் பிடித்தாள். "நான் ஆண்டியப்பன் மக சுலக்ஷனா. படத்துல இருந்தது நான்தான். இன்னமும் வச்சிப் பாக்குறவங்க, கீழ்ப்பக்கத்தையும் பாருங்க. பீலி இன்னும் ஒடஞ்சிதான் கெடக்கு. எப்பக் கட்டித் தருவீங்க?"

அனுப்பினாள். பெண்கள் எல்லோரும் தங்கள் போனைப் பார்த்தபடி நின்றார்கள். ஐந்து நொடியில் பதில் வந்தது. துரையிடமிருந்து அல்ல, தானாகப் பதில் சொல்லும் ஆபிஸ் நம்பரிடமிருந்து.

'உங்கள் முறைப்பாட்டுக்கு நன்றி. அதனைப் பதிவு செய்வதற்குத் தெளிவான படமொன்றை அனுப்பி வைக்கவும்.'

யோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். காளியாயி தன் வலது கையைப் படங்குக்குள் ஒளித்துக்கொண்டாள்.

சுலக்ஷனா அந்த வாசகத்தை இரண்டு முறை வாசித்தாள். பிறகு ஒளித்த கையை வெளியே இழுத்து, போனை அதில் வைத்து, விரல்களை மூடினாள்.

"வாங்க பெரியம்மா, போவோம். இந்த வாட்டி நான் தள்ளி நிக்கிறேன். நீங்க எடுங்க."